இரண்டு தொன் இலை, ஒரு கிராம் மருந்து

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதியில் கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று எல்லாம் கழிந்து வெருகல் ஆற்றுக்கு வந்தால் மாவட்டம் முடிகிறது. மகாவலியின் ஒரு கிளை இந்த ஆறு. போர் ஓய்ந்து பாலம் வரும்வரை பஸ்ஸையும் லொறியையும் பாதையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கடத்தினார்கள். ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் இளைப்பாறும் இடம் அது. அக்கரையில் கதிரவெளி, வாகரை. ஆற்றின் இரு பக்கத்துக் கிராமங்களிலும் கரையோர வேடர் சமூகத்தினர் வாழ்கிறார்கள். மீனும் தேனும் சேனையும் அவர்களுடைய தொழில். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இந்தக் கரையோர வேடருக்கும் இடமுண்டு.

கிழக்கு மணற்கரைகளில் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் முளைத்துக் கிடக்கும் செடிகளில் ஒன்று பட்டிப்பூ. தமிழகத்தில் நித்தியகல்யாணி என்பார்கள், சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி. ஐந்து இதழ், இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. உப்புக்காற்றையும் வெயிலையும் தாங்கும். கசப்பு அதிகம் என்பதால் ஆடு மாடு வாய் வைப்பதில்லை. வருடம் முழுக்கப் பூக்கும் என்பதால் வேலியோரத்திலும் கோயில் வளவிலும் விட்டு வைத்திருப்பார்கள். இதன் இலையிலிருந்துதான் வின்கிறிஸ்டின் வருகிறது. பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் 1960களிலிருந்து இன்றுவரை கைவிட முடியாமல் இருக்கும் மருந்து அது. அந்தக் காலத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒன்று பிழைப்பதே அரிது. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் குணமாகின்றன. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த மருந்துக் கூட்டில் இதுவும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

இங்கேதான் பலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். செடி நம் மண்ணில் கிடக்கிறது, மருந்து டொலர் கொடுத்து வருகிறது, நாம்தான் முட்டாள்கள் என்று. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டு நிச்சயம். கணக்கைப் பார்த்தால் கை தானாக இறங்கிவிடும். இதே இலையில் இருக்கும் இன்னொரு புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை ஒரு கிராம் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு 2,000 கிலோ, அதாவது இரண்டு தொன். பெரியவர் ஒருவருக்கு ஒரு தவணையில் ஏற்றக்கூடிய உச்ச அளவு 2 மில்லிகிராம். ஆக ஒரு ஊசிக்கு நாலு கிலோ உலர் இலை. நடைமுறையில் தொழிற்சாலைகள் இலையில் கூடுதலாகக் கிடைக்கும் வின்பிளாஸ்டினை எடுத்து அதை வின்கிறிஸ்டினாக மாற்றிக்கொள்வதால் இந்தச் சுமை கொஞ்சம் குறையும். ஆனாலும், இலையில் உள்ள நூற்றுக்கு மேற்பட்ட அல்கலோயிட்டுகளில் இந்த ஒன்றை மட்டும் பிரித்து, நாளத்தில் ஏற்றத் தகுந்த தூய்மைக்குக் கொண்டுவருவது வெருகல் மணலில் நடக்கிற காரியம் அல்ல. கொழும்பிலும் இன்றுவரை நடக்கவில்லை.

இலைக்கும் ஊசிக்கும் நடுவே கிடக்கிற அந்த வழியைப் பற்றியது இந்தக் கட்டுரை. அறுபது வருடமாக அந்த வழியைக் குறுக்க முயன்றவர்களின் கதை. வயலில் செடியை வளர்ப்பதற்குப் பதிலாக, செடியின் உயிர்க்கலங்களை மட்டும் எஃகுத் தொட்டியில் வளர்த்து மருந்தெடுக்கலாமா என்ற கேள்வி. சில செடிகள் ஒத்துழைத்தன. பட்டிப்பூ ஒத்துழைக்கவில்லை. ஏன் என்பதுதான் சுவையான பகுதி.

தோற்றுப்போன சீனி மருந்து

பட்டிப்பூ இலையைச் சீனி வருத்தத்துக்கு அவித்துக் குடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று இந்தக் கரையில் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதே வழக்கம் உலகத்தின் மறுபுறத்தில் ஜமெய்க்காவிலும் இருந்தது. 1952இல் அங்கிருந்து கனடாவின் ஒன்ராறியோவுக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே 25 இலைகள். பெற்றவர் வைத்தியர் கிளார்க் நோபிள்.

இந்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை. 1921இல் ரொறன்ரோவில் பான்டிங் இன்சுலின் ஆய்வைத் தொடங்கியபோது அவருக்கு உதவியாக இரண்டு மாணவர்கள் இருந்தார்கள்: சார்ள்ஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். யார் முதலில் போவது என்று நாணயம் சுண்டிப் பார்த்தார்கள். பெஸ்ட் வென்றார், போனவர் அங்கேயே தங்கிவிட்டார், பெயர் சரித்திரத்தில் ஏறியது. நாணயம் கைவிட்ட நோபிளைத்தான் முப்பது வருடம் கழித்து அந்த 25 இலைகள் தேடி வந்தன. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இலைகளைத் தம்பி ரொபேர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ரொபேர்ட், மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் கொலிப்பின் ஆய்வுகூடத்தில் இருந்தார். இன்சுலினைச் சுத்திகரித்துக் கொடுத்த அதே கொலிப்.

இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். குருதியில் சீனி அசையவேயில்லை. ஊசியாக ஏற்றினார்கள். சீனி அப்போதும் குறையவில்லை, எலிகள் ஒரு வாரத்துக்குள் கிருமி தொற்றிச் செத்தன. வேறு யாராவது என்றால் குறிப்பேட்டை மூடியிருப்பார்கள். ரொபேர்ட் ஏன் செத்தன என்று பார்த்தார். வெண்குருதிக் கலங்கள் சரிந்து போயிருந்தன. வெண்குருதிக் கலம் கட்டுமீறிப் பெருகுவதுதான் இரத்தப் புற்றுநோய். எலியைக் கொன்ற அதே குணம் நோயாளியைக் காப்பாற்றலாம். 1954இல் வந்து சேர்ந்த இரசாயனவியலாளர் சார்ள்ஸ் பியர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வொபோடாவின் குழுவும் இதே செடியில் இறங்கியிருந்தது. அங்கிருந்து வின்கிறிஸ்டின் வந்தது. 1963இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சீனிக்கு என்று அந்த இலையை அவித்துக் குடிப்பவர்கள் எலிகளை நினைத்துக்கொள்வது நல்லது. உடலின் எதிர்ப்புச் சக்தியைச் சரிக்கும் அல்கலோயிட் அதில் இருக்கிறது, ஒரு குவளைக் கஷாயத்தில் எவ்வளவு என்று எந்தப் பரியாரியாலும் அளந்து சொல்ல முடியாது.

பட்டிப்பூவின் பிறப்பிடம் மடகஸ்கார். கப்பல்களோடு உலகம் முழுக்கப் பரவியது. அந்தத் தீவுக்கு இந்த மருந்துகளின் வருமானத்தில் பங்கு கிடைக்கவில்லை. உயிர்வளத்தின் மீது அந்தந்த நாட்டுக்கு உரிமை உண்டு என்று உலகம் எழுதிக் கையெழுத்திட்டது 1992இல்தான்.

தென்தமிழகத்து வயல்

எதிர்க்கரையில் கதை வேறு. தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலங்களில் நித்தியகல்யாணி பயிராகவே நிற்கிறது. மானாவாரியில், வேறெதுவும் நிற்காத மண்ணில். இலையை இடையிடையே உருவி எடுப்பார்கள். கடைசியில் செடியைப் பிடுங்கி வேரையும் விற்பார்கள். வேரில் அஜ்மலிசின் என்ற இரத்த அழுத்த மருந்துக்கான அல்கலோயிட் இருக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர் நிறுவனம் ‘நிர்மல்’, ‘தவல்’ என்று இரகங்களையும் வெளியிட்டது. முதலில் இலை முழுக்க வெளிநாட்டுக்குப் போனது. பிறகு 1980களில் புனே தேசிய இரசாயன ஆய்வகமும் சிப்லா நிறுவனமும் சேர்ந்து வின்பிளாஸ்டினையும் வின்கிறிஸ்டினையும் இந்தியாவிலேயே எடுக்கும் முறையை உருவாக்கின. இலை ஏற்றுமதி செய்த நாடு மருந்து செய்யும் நாடாக மாறியது அந்த இரசாயனப் படியில்தான், வயலில் அல்ல. நமக்கும் அவர்களுக்கும் பாக்கு நீரிணை அகலம் மட்டுமே தூரம் என்று நினைத்தால் பிழை. நடுவில் ஒரு ஆய்வகமும் அதற்குப் பின்னால் முப்பது வருடமும் இருக்கிறது.

வயலை நம்பியிருப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. மழை பொய்த்தால் இலை குறையும். ஒரே செடியின் அல்கலோயிட் அளவு பருவத்துக்குப் பருவம், வயலுக்கு வயல் மாறும். வாங்குபவர் ஒருவரோ இருவரோதான். மருந்துச் சந்தையும் ஒடுங்கியது. 2019 ஜூலையில் டேவா நிறுவனம் அமெரிக்காவில் வின்கிறிஸ்டினைக் கைவிட்டது. மிஞ்சியது ஃபைசர் மட்டும். ஒக்டோபருக்குள் அந்தப் பணக்கார நாட்டின் சிறுவர் வைத்தியசாலைகளிலேயே தட்டுப்பாடு. காப்புரிமை எப்போதோ காலாவதியான, விலை மலிவான மருந்து. இலாபம் குறைவு, அதனால் செய்பவரும் குறைவு.

நம் நாட்டுக்கு 2022இல் வந்தது வேறு மாதிரி. மருந்துத் தேவையில் எண்பது வீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு அந்த ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சில மருந்துகள் இல்லாமல் போயின. அங்கே சிகிச்சைக்குக் கிடந்தவர்களில் கிழக்கிலிருந்து இரவு பஸ்ஸில் போனவர்களும் இருந்திருப்பார்கள். அதே மஹரகமவில், நாவின்னவில், பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மூலிகை ஆராய்ச்சியும் புற்றுநோய் மருத்துவமும் ஒரே ஊரில். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய மூன்றாவது கட்டடம், மூலிகையிலிருந்து ஊசிமருந்து எடுக்கும் தொழிற்கூடம், நாட்டில் எங்குமே இல்லை.

இளநீரில் வளர்ந்த கரட்

செடியே இல்லாமல் செடியின் கலங்களை வளர்க்கலாம் என்று முதலில் சொன்னவர் ஒஸ்திரிய தாவரவியலாளர் ஹபர்லாந்து, 1902இல். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் முழுச் செடியும் ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. செய்து காட்ட அவரால் முடியவில்லை. கலங்கள் சில வாரம் உயிரோடிருந்தன, பிரியவில்லை. செடி ஓமோன்கள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1939இல் பிரான்சில் இருவரும் அமெரிக்காவில் ஒருவருமாக மூவர் தனித்தனியே அதைச் சாதித்தார்கள்.

அடுத்த திருப்பத்தில் நம்மூர்ப் பொருள் ஒன்று வருகிறது. 1941இல் வான் ஓவர்பீக் என்பவர் ஊமத்தையின் இளங்கருவை வளர்க்க எதை எதையோ ஊற்றிப் பார்த்துத் தோற்று, கடைசியில் தேங்காய்க்குள் இருக்கும் நீரை ஊற்றினார். கரு வளர்ந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் அதே தேங்காய்நீரில் கரட் கலங்களை மிதக்கவிட்டு, 1958இல் கலத்திலிருந்து முழுக் கரட் செடியையே எழுப்பிக் காட்டினார். தென்னை தன் குருத்துக்கு என்று சேர்த்து வைத்த ஓமோன்கள் அந்த நீரில் இருந்தன. அந்த இரகசியம் பிடிபட்டதும் தேங்காயே தேவைப்படவில்லை. 1962இல் முராஷிகேயும் ஸ்கூகும் எந்தெந்த உப்பு எவ்வளவு என்று எழுதிய ஊடகத்தில்தான் இன்று உலகத்தின் பெரும்பாலான இழைய வளர்ப்புக் கூடங்கள் இயங்குகின்றன. நம் சந்தைக்கு வரும் இழைய வளர்ப்பு வாழைக் கன்றும் அதன் வழிவந்ததே.

மருந்துக்கு என்று செய்யும்போது கன்று தேவையில்லை. இலையில் ஒரு துண்டை வெட்டி, கிருமி நீக்கி, ஊடகத்தில் வைத்தால் காயம் ஆறுவதுபோல ஒரு உருவமற்ற திரள் வரும். வேரும் இல்லை, இலையும் இல்லை, வெறும் கலக்கூட்டம். அதைத் திரவத்தில் இட்டுக் குலுக்கினால் பிரிந்து மிதக்கும். பிறகு படிப்படியாகப் பெரிய தொட்டி. சொல்ல எளிது. பற்றீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். தாவரக் கலம் இரட்டிக்க நாட்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் ஒரு பற்றீரியா உள்ளே விழாமல் காக்க வேண்டும். விழுந்தால் முழுத் தொட்டியையும் கொட்ட வேண்டியதுதான். பலமாகக் கலக்கினால் கலம் உடையும். மெதுவாகக் கலக்கினால் ஒக்சிசன் போதாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியில் சொகுசாக வளரும் கலத்துக்கு நஞ்சு செய்ய என்ன அவசரம்? செடி அல்கலோயிட் செய்வது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பயந்து. தொட்டியில் பயமில்லை. எனவே பயமுறுத்த வேண்டியிருக்கிறது. பூச்சி கடித்தால் செடிக்குள் ஓடும் எச்சரிக்கைப் பொருளான மீதைல் ஜஸ்மொனேற்றைத் தொட்டியில் கலந்தால், கலங்கள் தாக்கப்பட்டதாக நினைத்து நஞ்சு சுரக்கின்றன.

முதல் வெற்றி ஜப்பானுடையது, அதுவும் மருந்தைவிட உதட்டுச்சாயத்தால் பிரபலமானது. கியோத்தோவில் தபத்தாவின் ஆய்வுகளைத் தொடர்ந்து, 1980களின் முற்பாதியில் மிட்சுயி நிறுவனம் ஷிகோனின் என்ற செந்நிறப் பொருளைக் கலவளர்ப்பில் எடுத்தது. காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் அங்கே பூசுகிற பாரம்பரிய மருந்து அது. செடியின் வேரில் வருடங்கள் கழித்து ஒன்று இரண்டு வீதம் சேரும் பொருள், தொட்டிக் கலங்களில் சில வாரத்தில் பத்து வீதத்தையும் தாண்டியது. சூட்சுமம் இரண்டு தொட்டியில் இருந்தது. முதலில் வளர்ச்சிக்கான ஊடகம், பிறகு பட்டினி போட்டு நிறம் சுரக்கவைக்கும் ஊடகம். கனெபோ நிறுவனம் அதை உதட்டுச்சாயமாக்கி விற்றது.

பெரிய வெற்றி டக்ஸோல். அமெரிக்க மேற்குக் கரைக் காடுகளில் மெதுவாக வளரும் யூ மரத்தின் பட்டையில் வோலும் வானியும் அதைக் கண்டு 1971இல் கட்டமைப்பை வெளியிட்டார்கள். நூறு வயது மரம் ஒன்றை உரித்தால் ஏறக்குறைய மூன்று கிலோ பட்டை. அதிலிருந்து கிடைப்பது 300 மில்லிகிராம், ஒரு நோயாளிக்கு ஒரு தவணை. உரித்த மரம் பட்டுப்போகும். சூலகப் புற்றுநோய்க்கு 1992இல் அனுமதி கிடைத்தபோது காடா நோயாளியா என்ற சண்டையே மூண்டது. முதலில் வேறு யூ இனங்களின் இலையிலிருந்து பாதிப்பொருளை எடுத்து மீதியை இரசாயனத்தால் முடித்தார்கள். பிறகு பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குயிப் நிறுவனம் கலவளர்ப்புக்கு மாறியது. 2004இல் அதற்காக அமெரிக்க அரசின் பசுமை இரசாயன விருதும் பெற்றது. ஃபைடன் நிறுவனம் ஜெர்மனியின் ஆரன்ஸ்பேர்க்கில் 75,000 லீற்றர் வரை கொள்ளும் தொட்டிகளில் யூ கலங்களை வளர்க்கிறது. அங்கே மரத்தின் நிழல்கூட விழுவதில்லை. டக்ஸோலும் வின்கிறிஸ்டினும் தாக்குவது கலத்துக்குள் இருக்கும் ஒரே நுண்குழாய்களை என்பது இன்னொரு வியப்பு. வின்கிறிஸ்டின் அவற்றைக் கட்டவிடாது, டக்ஸோல் கட்டியதைப் பிரிக்கவிடாது. எப்படியானாலும் புற்றுக்கலம் இரண்டாகப் பிரிய முடியாமல் சாகும்.

கரட்டும் திரும்பி வந்தது. இஸ்ரேலின் புரொட்டலிக்ஸ் நிறுவனம் மனிதருக்குத் தேவையான ஒரு நொதியத்தின் மரபணுவைக் கரட் கலத்துக்குள் வைத்து, பிளாஸ்டிக் பைகளில் வளர்த்து, கோஷே என்ற அரிய பரம்பரை நோய்க்கு மருந்தாக்கியது. 2012 மே 1ஆம் திகதி அமெரிக்கா அதற்கு அனுமதி தந்தது. தாவரக் கலம் செய்த புரதம் ஒன்று மனிதருக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்றது அதுவே முதன்முறை. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. புகையிலை இனச் செடியில் கொவிட் தடுப்பூசி செய்த கனடாவின் மெடிக்காகோ 2022 பெப்ரவரியில் அனுமதி பெற்று, மறு வருடம் பெப்ரவரியில் கடையைக் கட்டியது.

நாலு வீட்டு நெசவு

பட்டிப்பூவில் உழைத்தவர்கள் குறைவில்லை. 1970களிலும் 80களிலும் கனடாவின் சஸ்கற்றூன், ஐரோப்பா, ஜப்பான் என்று இந்தச் செடியின் கலங்கள் ஓடாத குடுவையில்லை. கலவளர்ப்பு ஆய்வில் இவ்வளவு பாடுபடுத்தப்பட்ட மூலிகை வேறு இருக்குமா தெரியவில்லை. வேரில் இருக்கும் அஜ்மலிசினைக் கலங்கள் தந்தன. கதரந்தினையும் தந்தன. வின்பிளாஸ்டின் என்பது கதரந்தினும் வின்டோலினும் கைகோர்த்த மூலக்கூறு. ஒரு கை கிடைத்துவிட்டது. வின்டோலினைக் கலங்கள் தரவேயில்லை. ஓமோனை மாற்றினார்கள், வெளிச்சத்தை மாற்றினார்கள், பயமுறுத்தினார்கள். பயனில்லை.

காரணம் பின்னால்தான் விளங்கியது. மருதமுனையில் ஒரு சாரம் உருவாகும்போது நூல் ஒரு வீட்டில், சாயம் ஒரு வீட்டில், தறி இன்னொரு வீட்டில் என்று வேலை பிரிந்து கிடப்பதுபோல, பட்டிப்பூ இலையிலும் இந்த வேலை நாலு வகைக் கலங்களுக்குப் பிரிந்திருக்கிறது. தொடக்கம் இலை நரம்பை ஒட்டிய கலங்களில். நடு வேலை மேற்தோலில். வின்டோலினின் கடைசிப் படிகள் பால் சுரக்கும் கலங்களிலும் இலைக்குள் தனித்தனியே கிடக்கும் சிறப்புக் கலங்களிலும். அதற்கு வெளிச்சமும் வேண்டும். 1999இல் இதைக் காட்டியவர்களில் ஒருவரான டி லூக்கா பின்னர் புறொக் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ஸ்காபரோவிலிருந்து நம்மவர்கள் நயாகரா பார்க்கப் போகும் வழியில் இருக்கும் பல்கலைக்கழகம் அது. அங்கே அவருடைய குழு 2010இல் இன்னொன்றைக் கண்டது. கதரந்தினை இலை வெளியே தள்ளி மேற்பரப்பு மெழுகில் பூசி வைக்கிறது. வின்டோலின் உள்ளேயே இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம். இரண்டு தொன் இலைக்கு ஒரு கிராம் என்ற கணக்கின் வேர் அங்கே இருக்கிறது. தொட்டியில் மிதக்கும் கலங்களோ எல்லாம் ஒரே வகை. நாலு வீடும் இல்லாத ஊரில் சாரம் எப்படி வரும்?

பிரான்சில் பியர் பொத்தியே வேறு வழியாகப் போனார். இலையில் ஏராளமாகக் கிடைக்கும் கதரந்தினையும் வின்டோலினையும் தனித்தனியே எடுத்து, குடுவையில் இணைத்தார். அந்த இணைப்பு வேதியியலிலிருந்து வினொரெல்பின் என்ற புதிய மருந்தே பிறந்து, 1989இல் பிரான்சில் அனுமதி பெற்றது. ஆனால் இலை வேண்டும் என்ற நிலை அப்படியே இருந்தது.

2018இல் சாரா ஓ’கொனரின் குழு செடியின் செய்முறையில் விடுபட்டிருந்த கடைசி நொதியங்களையும் கண்டுபிடித்தது. முழுச் சமையற்குறிப்பும் கைக்கு வந்தது. இனிச் செடியின் கலமே தேவையில்லை. 2022இல் டென்மார்க்கின் ஜீ ஷாங், கலிபோர்னியாவின் ஜே கீஸ்லிங் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் எழுதியது இதுதான்: அப்பத்துக்கு மாப் புளிக்கவைக்கும் ஈஸ்டுக்குள் 34 தாவர மரபணுக்களைப் புகுத்தி, ஈஸ்டின் சொந்த மரபணுக்கள் பத்தையும் திருத்தி, முப்பது நொதியப் படிகளைக் கடந்து கதரந்தினையும் வின்டோலினையும் சுரக்கவைத்தார்கள். பின்பு இரண்டையும் இரசாயனத்தால் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்தார்கள்.

ஒரு லீற்றரில் கிடைத்தது கதரந்தின் 527 மைக்கிரோகிராம், வின்டோலின் 305 மைக்கிரோகிராம். மூலக்கூற்று எடைகளை வைத்து நான் போட்ட கணக்கு: ஒரு துளியும் வீணாகாமல் இணைந்தாலும் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 1,800 லீற்றருக்கு மேல் வேண்டும். 500 கிலோ இலையை வெல்ல இன்னும் தூரம் இருக்கிறது. என்றாலும் ஈஸ்டின் விளைச்சலைப் பெருக்கும் வித்தை உலகம் நன்றாகக் கற்ற வித்தை, இலையின் விளைச்சல் அப்படி ஏறாது.

கீஸ்லிங்கின் முந்தைய கதையைத் தூத்துக்குடி விவசாயியும் வெருகல் விவசாயியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் மூலப்பொருளை ஈஸ்டில் சுரக்கவைத்தவரும் இவரே. சனோஃபி நிறுவனம் 2013இல் இத்தாலியில் உற்பத்தியைத் தொடங்கியது. கிலோ 350 டொலருக்குக் குறைய அவர்களால் கொடுக்க முடியவில்லை. சீனா, ஆபிரிக்கா வயல்களில் விளைந்தது 250 டொலருக்கும் கீழே இறங்கிவிட்டது. தொட்டி தோற்றது, சனோஃபி ஆலையை விற்றுவிட்டு விலகியது. விவசாயி வென்றான் என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. விலை அவ்வளவு விழுந்த வருடங்களில் அதைப் பயிரிட்டவன் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

வேரோடு போனவை

இலங்கைக்கு இந்த அறிவியல் அவசரமாகத் தேவைப்படுவது பட்டிப்பூவில் அல்ல. அது களைபோல முளைக்கும் செடி. அழிவது வேறு. ஈரவலயக் காட்டில் படரும் மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல், கொடியைப் பிடுங்கியே எடுக்கப்படுகிறது. ஆணும் பெண்ணும் தனித்தனிக் கொடி, விதை முளைப்பது கடினம், முற்றப் பல வருடம். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் திருகோணமலை மருந்துக்கடை வரை அதற்குக் கேள்வி உண்டு. அதிலுள்ள பெர்பெரினை ஜப்பானியர் வேறொரு செடியின் கலங்களைக்கொண்டு 1980களிலேயே தொட்டியில் எடுத்துக் காட்டிவிட்டார்கள்.

கொத்தல ஹிம்புட்டு இன்னொன்று. அந்தக் கட்டையைக் கடைந்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது சீனி வருத்தத்துக்கான பழைய வழக்கம். அதிலிருந்து சலசினோல் என்ற பொருளை 1997இல் பிரித்து அறிவித்தவர்கள் கியோத்தோ மருந்தியல் பல்கலைக்கழகத்தின் யொஷிகாவா குழுவினர். பின்தொடர்ந்து வந்த காப்புரிமைகளும் பெரும்பாலும் ஜப்பான் பக்கம். இலங்கை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. சட்டம் கட்டையைத் தடுக்கும். அதன் உள்ளே இருப்பது என்ன, எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு ஏற்கெனவே கடல் கடந்துவிட்டது. சட்டத்தால் செய்ய முடியாததைக் கன்றால் செய்யலாம். மரமஞ்சளையும் ஹிம்புட்டுவையும் இழைய வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்கினால் காட்டின் மீதுள்ள கை தளரும். அதற்கு 75,000 லீற்றர் தொட்டி வேண்டாம். சுத்தமான அறை, குளிரூட்டி, மின்சாரம், பொறுமையான ஆட்கள் போதும்.

திருகோணமலைக்கு இதில் ஒரு இடம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் சித்த மருத்துவம் கற்பிக்கிறது. அதே பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் விஞ்ஞானமும் விவசாயமும் கற்பிக்கிறது. ஏ15 வீதியில் இந்த இரண்டுக்கும் இடையில்தான் வெருகல். வேடர் குடிகளிடமும் பரியாரிகளிடமும் எந்தச் செடி, எந்தப் பருவம், எந்தப் பகுதி என்ற நுணுக்கம் எஞ்சியிருக்கும் பிரதேசம். 2004 டிசம்பரில் கடல் ஏறியது, 2006இல் ஈச்சிலம்பற்று மக்கள் வீடுவாசல் விட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகும் எஞ்சியிருப்பதை எழுதிவைக்க வேண்டும், சொன்னவரின் பெயரோடு, அவருடைய சம்மதத்தோடு. ஹிம்புட்டுவில் நடந்தது திரும்ப நடக்காமலிருக்க அதுதான் முதல் வேலை.

மூலிகை வளர்த்தால் வாழ்வு வளரும் என்று திட்டங்கள் இந்தக் கரைக்கு இனியும் வரும். விதையும் உரமும் தருவார்கள், பயிற்சிப் பட்டறையில் மதியச் சாப்பாடும் இருக்கும். மண் ஏற்றதா, மழை போதுமா என்று கேட்பதை எங்கள் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குபவர் ஒருவர்தானா, அவர் விலகினால் இலையை யாரிடம் கொண்டுபோவது என்று கேட்கலாம். ஒப்பந்தத்தில் விலை எத்தனை வருடத்துக்கு என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: காசு தருவது இலையின் நிறைக்கா, அதற்குள் இருக்கும் அல்கலோயிட்டின் அளவுக்கா? அளவுக்கு என்றால், அளக்கப்போவது யாருடைய ஆய்வுகூடத்தில்?